வீடு வாங்குவோர் படிக்க வேண்டிய புத்தகம்

சென்ற மாதம் என் சிநேகிதர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டைக் கிரயத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். "வீடு வாங்குகிறவர்களுக்கு உபயோகமான நல்ல புத்தகம் ஒன்றைச் சிபாரிசு செய்யவும்" என்று எழுதியிருந்தார். மனுஷர் எதையும் புத்தகத்தைப் பார்த்தே செய்கிறவர். சர்க்கரை வியாதி வந்தபோது கூட, வைத்தியரிடம் போவதற்கு முன் நாலு புத்தகம் வாங்கினார்.

நான் சிபாரிசு செய்த புத்தகம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதற்கு "1-ஆம் புத்தகம்" என்று பெயர். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஜனங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று சொல்லும் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் அது இருக்கிறது. உயில் நீங்கலாக, ஸ்தாவர சொத்தைப் பற்றிப் பதிவாகும் பத்திரங்கள் அதில் ஏறுகின்றன. நேயர்கள் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், 1 புத்தகம், இன்ன வருஷம், இன்ன நெம்பர் என்று கண்டிருக்கும். கட்டணம் செலுத்தி அந்தப் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் பார்வையிடும் உரிமையை அச்சட்டத்தின் 57-வது பிரிவு யாவருக்கும் அளித்திருக்கிறது. நாம் வாங்கும் வில்லங்கச் சான்று இந்தப் பதிவுகளின் சாரமே. இப்போது அதை வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சிநேகிதர் முப்பது வருஷத்துக்குப் பார்த்தார். அடமானம் இல்லை, வேறு யாருக்கும் கிரயமும் ஆகவில்லை. உற்சாகத்துடன் டெலிபோனில் கூப்பிட்டு, "முன்பணம் கொடுத்துவிடலாம் அல்லவா?" என்றார்.

"சற்றுப் பொறும். விற்கிறவர்கள் யார்?" என்று கேட்டேன்.

"அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் 1984-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். தாயார் அதற்கு முன்பே போய்விட்டார். பட்டா இப்போது இருவர் பேரிலும் இருக்கிறது."

"கூடப் பிறந்த பெண் உண்டா?"

"ஒரு தங்கை ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாளாம். அவளுக்குக் கல்யாணத்தின்போதே நகையும் சீரும் செய்தாகிவிட்டதாம்."

1-ஆம் புத்தகத்தில் ஏறாத விஷயங்கள் சில உண்டு. உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோர்ட்டில் நடக்கும் வழக்குத் தானாக அதில் இடம் பெறுவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, மரணம் அதில் ஏறுவதில்லை. ஒருவர் உயிலின்றிக் காலமானால் அந்த நிமிஷமே சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வில்லங்கச் சான்றும் பால் போல் வெளுப்பாகவே இருக்கும். பட்டாவோ வருவாய்த் துறையின் பதிவுதான்; அதனால் மட்டும் ஒருவருக்குச் சொத்துரிமை உண்டாகிவிடாது.

"சீர் செய்தாகிவிட்டது" என்ற பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அதை ஒப்புக்கொள்வதில்லை. தகப்பனார் உயிலின்றி விட்டுப்போன சுயார்ஜித சொத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வந்தாலொழிய, பெண் பாகப்பிரிவினை கேட்கலாகாது என்று 23-வது பிரிவு சொல்லிற்று. பங்கு உண்டு, கேட்கத்தான் கூடாது! 2005-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பிதுரார்ஜித சொத்திலும் மகளுக்குச் சம உரிமை அவ்வருஷம் தேசம் முழுவதும் வந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே அது வந்திருந்தது. ஆயினும் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே கும்பகோணத்துச் சகோதரர்களால் விற்கக்கூடியது மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சப் பங்குக்காகச் சிநேகிதர் தமது பிராவிடெண்டு பண்டைக் கொடுத்து ஒரு பாகப்பிரிவினை வழக்கை வாங்கிக்கொள்ள இருந்தார்!

தாலுகா ஆபீஸிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரும்படி அவர் கேட்டதும் மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது எங்கள் குடும்ப விஷயம்" என்றார். சிநேகிதர் அசையவில்லை. கடைசியில் சான்றிதழ் வந்தது. மூன்று பெயர்கள் இருந்தன. மூவருமாக ஸ்ரீரங்கம் சென்றார்கள்.

அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டு, "அண்ணா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பேன். வீட்டை விற்கப் போவதையே அயலார் சொல்லித்தானே அறிந்துகொண்டேன்!" என்றாராம். மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து அவரே, "உன் பங்கை நீ வாங்கிக்கொள், நீயும் வந்து கையெழுத்துப் போடு" என்றார்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் வாங்குகிறவருக்குப் புலப்படாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டியது விற்பவர் கடமை என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு கூறுகிறது. வாரிசுச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் முதலிலேயே எடுத்து வைப்பவர்களுக்குப் பேரத்திலும் நஷ்டமில்லை.

கிரயப் பத்திரம் சென்ற வாரம் பதிவாயிற்று. 1-ஆம் புத்தகத்தில் விற்றவர்கள் என்று மூன்று பெயர்கள் ஏறியிருக்கின்றன. இப்போது சிநேகிதர், மாடியில் மழைத் தண்ணீர் ஒழுகுவதற்கு ஏதாவது நல்ல புத்தகம் உண்டா என்று கேட்டிருக்கிறார். கொத்தனாரைக் கூப்பிடும்படி பதில் எழுதியிருக்கிறேன்.