எல்.கே.ஜி.க்கு என்ன தகுதி வேண்டும்?

அக்கா மகளுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்.கே.ஜி. போகிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். பக்கத்து டவுனில் இருக்கிற ஒரு தனியார் பள்ளி விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தது. 'உங்கள் குழந்தை பள்ளிக்குத் தயாரா?' என்று தலைப்பு. தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்ல வேண்டும். ஐந்து நிறங்களை அடையாளம் காட்ட வேண்டும். பென்சிலை மூன்று விரலால் பிடிக்க வேண்டும். ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் எண்ண வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அதையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கடைசி வரி பெற்றோருக்கு: வீட்டில் குழந்தையோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள்.

"நீதான் பி.எச்டி. படிக்கிறியே, ஒரு வாரம் இருந்து இவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போடா" என்றாள் அக்கா.

கிரேயான் பெட்டி வாங்கிவந்து உட்கார்ந்தேன். இரண்டு நாளில் நிறங்கள் வந்துவிட்டன. மூன்றாம் நாள் முகவரி. "பாப்பா, உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "காலனில" என்றாள். அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவந்தாள். "அப்படிச் சொல்லக் கூடாது. பஸ் ஸ்டாப் பக்கத்துலன்னு சொல்லணும்." பாப்பா மறுபடியும் காலனி என்றாள். அக்கா மறுபடியும் திருத்தினாள். நான்கைந்து முறை இது நடந்தது. கடைசியில் பஸ் ஸ்டாப் என்று சரியாகச் சொன்னதற்கு ஒரு முறுக்கு கிடைத்தது.

அந்தத் தாளில் இந்தப் பாடம் இல்லை. ஆனால் எங்கள் தெருவிலிருந்து டவுன் பள்ளிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுதான் முதல் பாடம். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆவணத்திலிருந்து நீக்கிவிடலாம். "வீடு எங்க?" என்று கேட்டு, பதிலுக்காகக் கூர்ந்து காத்திருக்கிற காதிலிருந்து அதை யார் நீக்குவது?

நீட் வந்தபோது 'தகுதி', 'திறமை' என்ற சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் ஆண்டுக்கணக்கில் பேசினோம். அதே தகுதிதான் எல்.கே.ஜி. வாசலில் 'தயார்நிலை' என்ற பெயரில் நிற்கிறது. மூன்றரை வயதுக் குழந்தையிடம் எதை அளக்க முடியும்? அதன் வீட்டைத்தான் அளக்க முடியும். தாத்தா காலத்திலிருந்து அலமாரியில் புத்தகம் இருந்த வீடா, ஆங்கிலம் சோற்றோடு ஊட்டப்படுகிற வீடா, பகல் முழுக்கக் குழந்தையோடு உட்கார ஓர் ஆள் இருக்கிற வீடா என்பதுதான் அந்தத் தாளின் உண்மையான கேள்விகள். எங்கள் பாப்பாவுக்கு நான்கு ஆடுகளின் குணமும் தனித்தனியாகத் தெரியும். இருபது ரூபாய் கொடுத்தனுப்பினால் கடைக்குப் போய் மீதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள். இதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இதைச் சொல்வதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று பொருளில்லை. வேண்டும். அதற்குத்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். சொல்லிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் வரும்போதே கற்றுக்கொண்டு வா என்று கேட்கிற இடம் எப்படிப் பள்ளியாகும்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அதற்கடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை. அதனால்தான் இன்று யாரும் 'நேர்முகத் தேர்வு' என்று சொல்வதில்லை. 'கலந்துரையாடல்' என்கிறார்கள். ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு பொந்து இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது. 25 விழுக்காட்டு இட ஒதுக்கீடு மட்டும்தான் முன்பருவ வகுப்பு நடத்துகிற பள்ளிகளில் அந்த வகுப்புக்கும் பொருந்தும் என்று பிரிவு 12 சொல்கிறது. மற்றபடி மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று வாதிடப் பள்ளிகளுக்கு வழி இருக்கிறது.

இந்தப் பொந்து தானாக வந்ததல்ல. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் பிரிவு 45, 14 வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்று சொன்னது. ஆறு வயதில் தொடங்கு என்று அது சொல்லவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே கையோடு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, அரசு 'முயல வேண்டிய' பட்டியலுக்குத் தள்ளியது. பணமும் படிப்பும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஓடத் தொடங்குகிற அதே மூன்று ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. ஆறு வயதில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்று பிறகு நம்மிடம் சொல்கிறார்கள்.

"அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். அவருடைய மகன் படிப்பது சி.பி.எஸ்.இ. பள்ளியில். நான் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவன். அந்தப் பள்ளி இல்லையென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அரசுப் பள்ளிக்காக எவரோடும் சண்டை போடுவேன். ஆனால் அரசு இந்த வயதுக்கு என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அந்த வகுப்புகள் பள்ளிகளில் இருக்காது என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். எங்கள் ஊர் அந்த 2,381இல் இல்லை. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஒரு பள்ளி வேனுக்காக என் அக்கா கடன் வாங்குவதைப் பகட்டு என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இனி அந்தத் தாளில் இல்லாத கேள்விகளுக்கு வருகிறேன். உங்கள் குழந்தை எந்தப் பிள்ளையின் பக்கத்திலும் உட்காருமா? யார் நீட்டிய தின்பண்டத்தையும் வாங்கித் தின்னுமா? சமையலம்மா எந்தத் தெரு என்று கேட்காமல் சாப்பிடுமா? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே, அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள் தடுத்தார்கள். 2022இல் தென்காசி மாவட்டத்தில் ஒரு கடைக்காரர், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லி தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்ததைக் காணொளியில் எல்லோரும் பார்த்தோம். 2023இல் நாங்குநேரியில் உடன் படிக்கிற மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பிளஸ் டூ மாணவனின் கைக்கு அரிவாள் வந்ததும் அதிர்ச்சி அடைகிறோம். அந்தக் கை எந்த வயதில், எந்த வீட்டில், யாரைத் தொடாதே என்று கற்றுக்கொண்டது? பள்ளிக்குத் தயாராகாத பிள்ளை என்றால் அந்தப் பிள்ளைதான். அதன் பெற்றோருக்கு எந்தப் பள்ளியும் இதுவரை ஒரு தாள் கொடுத்ததில்லை.

அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குப் போனபோது, உட்கார ஒரு சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் திரும்ப எடுத்துவந்தார். பள்ளியைச் சுத்தம் செய்கிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். அன்றைய பள்ளி அவரைத் தயாராக வரச் சொன்ன விதம் அது. இன்று பாப்பாவின் பையில் சாக்கு இல்லை. அதற்குப் பதில் ஒரு பொய் முகவரி இருக்கிறது.

அன்று இரவு அக்காவிடம் சண்டை போட்டேன். காலனி என்றே சொல்லட்டும், நாம் ஏன் மறைக்க வேண்டும், அந்த வயதிலேயே வெட்கப்படப் பழக்குகிறாய் என்றேன். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்குப் போயிடுவே. தினமும் அந்த கிளாஸ்ல போய் உக்காரப் போறது அவ."

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. சுயமரியாதை பெரிதுதான். அதற்கான சண்டையை மூன்றரை வயதுக் குழந்தையின் நாக்கில் ஏற்றிவிட்டு, நான் செமினார் அறைக்குத் திரும்பியிருக்கக் கூடாது. அது பெரியவர்கள் போட வேண்டிய சண்டை.

ஆகவே பெரியவர்களிடம் கேட்கிறேன். மூன்று வயதிலிருந்து கல்வி உரிமை என்று சட்டத்தைத் திருத்தும் கோரிக்கையை நம் இயக்கங்கள் முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் முன்பருவ வகுப்பும், நிரந்தர ஆசிரியரும், மாலை வரை பாதுகாப்பும் வேண்டும். 'கலந்துரையாடல்' என்று அழைக்கிற பள்ளியிடம், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பாப்பாவின் அம்மாவால் அதைக் கேட்க முடியாது. சீட் போய்விடும். உங்களில் பலரால் முடியும்.

இன்னொன்று. வரும் ஜூனில் உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை எல்.கே.ஜி. போகலாம். நிறங்களைச் சொல்லிக்கொடுங்கள், எண்களைச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்காருகிறவளிடம் வீடு எங்கே என்று கேட்காமல், அவள் நீட்டுகிற முறுக்கை வாங்கித் தின்னவும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.