எமது முதற் காரும் மண்ணெண்ணெய்க் காலமும்

பழைய மாணவர் மலர்களிலே முதற் கார் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொழும்பிலோ கடல் கடந்தோ வாழும் அன்பர்களாவர். பூவரசங்குளத்துத் தமிழாசிரியராகிய எமக்கும் இப்பொருளிற் சொல்ல ஒன்றுண்டு.

2011 ஆம் ஆண்டு யாம் வாங்கியது ஒரு மொறிஸ் மைனர். வயதில் அஃது எம்மினும் மூத்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைக்க, 1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்த கார் இது. மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தோன்றவே அதனை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார்கள். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டை அதன் சுவடு. பத்து இலட்சம் என்னும் தொகையை முதன்முதல் எட்டிய பிரித்தானியக் காரும் இதுவே. எமது வாசலுக்கு வந்த பின்னரோ அது "மாஸ்ரற்றை கார்" ஆயிற்று. பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகள், விதைநெல் மூடை, நள்ளிரவிலே வவுனியா வைத்தியசாலைக்கு விரைந்த கர்ப்பிணி என அது சுமந்தவை பல. கூலி வாங்கியதில்லை, ஆயின் முருங்கைக்காயும் தயிர்ச்சட்டியும் தாமாகவே வந்து சேரும்!

எமக்கு அதனை விற்றவர் 1990களிலே அதனை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலம்வரை வன்னியின் பெரும்பகுதியில் இந்நிலையே. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை உயிர்ப்பிப்பர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களாகிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலியன இதற்கு இசைந்தன. புதிய எஞ்சின்களோ இடித்து முழங்கி மறுத்தன. எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிலே கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைத்தலும் எண்ணெய் மாற்றுதலும் தவிர்க்கவொண்ணாதன.

அக்காலத்தைப் பொற்காலமெனப் புகழ்வாரோடு யாம் உடன்படோம். கரும்புகையினூடே நோயாளியை ஏற்றிச் சென்றவர் எவரும் அவ்வாறு சொல்லார். ஆயினும் அவர்தம் கைத்திறன் ஓர் அறிவுச்செல்வம் என்பதில் ஐயமில்லை. அது கராச்சுகளிலே வாய்வழி வளர்ந்தது, ஏட்டில் ஏறவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டது. இடைக்காலத்தே பழைய கார்களுக்கு மதிப்பு ஏறியது. எமது காரையும் இருவர் விலைக்குக் கேட்டனர். விற்பது உடையவர் உரிமை. அதனைக் குறை கூறோம். காருடன் அதன் கதையும் போய்விடுதலே எமது கவலை.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் அக்காலத்திற் கார் ஓட்டியோர் தாம் கண்டதை எழுதி அனுப்புவாராக. திருத்தியவர்களோ பலர் எந்தக் கல்லூரி மலரிலும் பெயர் காணாதவர்கள். அவர்களை நாடி மாணவர்களே செல்லல் வேண்டும். எழுதுவனவற்றைக் கல்லூரி நூலகம் ஏற்று வைக்கலாம். எமது காரைத் திருத்தும் பெரியவருக்கு எண்பது நெருங்குகிறது. காலை வேளைகளில் வீட்டில்தான் இருப்பார். வரும் விடுமுறையில் இரண்டு மாணவர்களை அனுப்பினால் யாமே அழைத்துச் செல்வோம்.