நடை வேகத்தில் ஒரு பகல்

ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒருவரோடொருவர் ஆறுதலாகப் பேசாத குடும்பங்கள் இன்று பல. அக்குறைக்கு மருந்தொன்றை வேல்ஸ் நாட்டின் லங்கொலன் கால்வாயிலே கண்டோம்.

இங்கிலாந்தில் வாழும் தமக்கையார் குடும்பத்துடன் இலையுதிர்காலப் பகலொன்றை அங்கே படகிற் கழித்தோம். படகின் அகலம் 7 அடிக்கும் குறைவு. மணிக்கு 4 மைலுக்கு மேல் செலுத்தலாகாது என்பது விதி. கரையில் நடந்தோர் எம்மை முந்திச் சென்றனர். பழுத்த இலைகள் நீரெங்கும் மிதந்தன.

வழியிலே பொன்ட்கசுல்தே நீர்ப்பாலம் வந்தது. தோமஸ் டெல்போர்ட், வில்லியம் ஜெசப் என்னும் பொறியியலாளர் அமைக்க, 1805இல் திறக்கப்பட்டது அது. உயர்ந்த கற்றூண்களின்மேல் 307 மீற்றர் நீளத்துக்கு இரும்புத் தொட்டி, அதனுள்ளே கால்வாய். 38 மீற்றர் கீழே டீ ஆறு. ஒருபுறம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபுறம் வெறும் வெளி.

சுக்கான் பிடித்திருந்தார் அத்தான். ஓராண்டாக அவருடன் முகங்கொடுத்துப் பேசாத மூத்த மருமகன் மெல்ல எழுந்து அவரருகே சென்றான்.

"பயமா அப்பா?"

"நீ பக்கத்தில் நில்."

பாலம் கடந்த பின்னும் அவன் விலகவில்லை. சற்று நேரத்திற் சுக்கான் அவன் கைக்கு மாறியிருந்தது.

விரைந்து செல்ல வழிகள் பல கண்டுவிட்டோம். கூடிச் செல்வதற்கோ நடை வேகமே போதும். அதற்கு ஆண்டில் ஒரு பகலையேனும் ஒதுக்கலாகாதா?