விளைச்சலில் வீட்டின் பங்கு எங்கே?

நெற்பயிரின் இலை மஞ்சளானால், தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா என்று விவசாயி உடனே விசாரிக்கிறார். வீட்டுப் பெண்ணின் முகம் வெளிறினால் மட்டும் ‘வேலைக் களைப்பு’ என்று விட்டுவிடுகிறார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது.

பயறு, முட்டை, பால், கீரை யாவும் சந்தைக்குப் போய்விடுகின்றன. வீட்டில் மிஞ்சுவது தீட்டிய அரிசிச் சோறும் குழம்பும்தான். ஏற்றம் போய் மின் மோட்டாரும், ஏர் போய் டிராக்டரும் வந்துவிட்டன. உழைப்புக் குறைந்த ஆண்களுக்கும் சோற்றின் அளவு குறையவில்லை. நீரிழிவு பட்டணத்து நோய் என்ற காலம் மலையேறிவிட்டது.

இதற்கு மேடைப் பேச்சு மட்டும் போதாது. புதிய நெல் ரகத்தை விவசாயிகள் ஏற்றது செயல் விளக்கத் திடலை நேரில் கண்ட பிறகே. ஊட்டச்சத்துக் கல்விக்கும் அதுவே வழி. வயல் விழா நடக்கும் இடத்திலேயே கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு கொண்டு சமைத்துக் காட்ட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. உணவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைக் கூட்டும். இவற்றை ஆண்களும் கேட்க வேண்டும். எதை விற்பது என்று பெரும்பாலும் முடிவு செய்பவர்கள் அவர்களே.

கடன் தவணை நெருக்கும்போது பயறை வீட்டில் வைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் பருப்பு என்றால், ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்குச் சுமார் 90 கிலோ தேவை. இதில் பாதியையாவது நெல் தரிசு உளுந்திலும் பாசிப்பயறிலும் இருந்து ஒதுக்கலாம். களத்தில் மலிவாக விற்றதைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவது எந்த வகையிலும் இலாபமல்ல. ஒரு சென்ட் நிலத்தில் முருங்கை, பப்பாளி, தண்டுக்கீரை வைத்தால் காய்கறிச் செலவும் குறையும்.

உடற்பயிற்சி அறிவுரையை ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நடவு நடும் பெண்ணுக்குத் தேவை நல்ல உணவும் ஓய்வுமே. டிராக்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்து நடப்பது அவசியம்.

மண் பரிசோதனைக்கு முகாம் போடும் நாளில், சுகாதாரத் துறையுடன் சேர்ந்து இரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யலாம். ஊராட்சிகள் இதை கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். விவசாயிகளும் அடுத்த அறுவடையில் விதைக்கு எடுத்து வைப்பது போலவே, வீட்டுக்கும் ஒரு பங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.