கன்னியா நீரும் காபன் கதிரும்

கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் சூடு வேறுபடுவதை அன்புவழிபுரத்துச் சிறுவர் கையாலேயே அறிவர். கை உணர முடியாத சூட்டை அளந்து, புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கலொன்றை அறிஞர் தீர்த்த வரலாறு சுவையானது.

யப்பானின் சிபா நகரில் 1994இல் காபன் அயன் சிகிச்சை தொடங்கிற்று. இக்கற்றை வழியிலே சிறிது ஆற்றலைச் சிந்தி, முடிவிடத்திலேயே பெரிதும் கொட்டும். அளவு மிகின் நல்லுறுப்புக் கெடும். குறையின் நோய் எஞ்சும்.

மருத்துவமனைகளில் அளவுகருவி, காற்று அடங்கிய அயனாக்க அறை. காற்றில் எழும் மின்னேற்றத்தை நீர் பெறும் ஆற்றலாக மாற்றும் திருத்த எண்ணை முன்னர்க் கணக்கிட்டே பெற்றனர். அதனால் ஏறத்தாழ 3 சதவீத ஐயம் நின்றது.

ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நீரையே சாட்சியாக்கினர். ஒரு கிலோகிராம் நீர் ஒரு யூல் ஆற்றலைப் பெறின் அது ஒரு கிரே. அதனால் ஏறும் வெப்பமோ ஒரு பாகையில் நாலாயிரத்தில் ஒரு பங்களவே! நீருள் ஓட்டம் எழாதவாறு 4 பாகைக் குளிரில் வைத்து அதனை அளந்தனர். திருத்த எண்ணின் ஐயம் ஏறத்தாழ 1 சதவீதமாயிற்று.

மாணவர்களே, பள்ளியில் நீங்கள் கையாளும் கலோரிமானியின் தத்துவமே இதுவும். அங்கே பிழைத்தால் புள்ளி குறையும். இங்கே பிழைத்தால் உயிர் வருந்தும்.