கோவம் வந்தாத்தான் பொவண்டோவா?

போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷன்ல இறங்கினேன். நல்ல வெயில். பக்கத்துப் பெட்டிக்கடையில "அண்ணே, பொவண்டோ இருக்கா?"ன்னேன். "இருக்குப்பா, ஆனா ஜில்லுன்னு இருக்காது. கேக்கறவங்க கம்மி"ன்னார். ஃபிரிட்ஜ் பூரா வேற பாட்டில்.

மக்களே, காளிமார்க் நேத்து முளைச்ச கம்பெனி இல்ல. 1916ல விருதுநகர்ல பழனியப்ப நாடார் ஆரம்பிச்சது. பொவண்டோ வந்தது 1950கள் கடைசியில. 1977ல இந்தியாவ விட்டுப் போன கோக், 1993ல திரும்பி வந்துச்சு. அப்போ பார்லேகாரங்க தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட்னு மொத்தமா அவங்களுக்கே வித்துட்டாங்க. காளிமார்க் குடும்பம் விக்கல. நூறு வருஷம் தாண்டியும் அவங்க கையிலதான் இருக்கு.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டம் ஞாபகம் இருக்கா? மார்ச் 1 முதல் கோக், பெப்சி விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவிச்சாங்க. எல்லாரும் பொவண்டோ பாட்டிலும் கையுமா திரிஞ்சோம், நானுந்தான் :-) கோவம் ஆறினதும் பழைய பாட்டிலுக்கே திரும்பிட்டோம்.

என்னைக் கேட்டா, வருஷம் பூரா கேட்டு வாங்கற நாலு பேர்தான் ஒரு உள்ளூர்க் கம்பெனிக்கு பலம். போராட்டத்துக்கு வர்ற கூட்டம் கலைஞ்சு போயிடும். அதுக்காக நம்மூர்ச் சரக்குன்னா இளநீர் ஆயிடுமான்னு கேக்காதீங்க. சர்க்கரை சர்க்கரைதான், அளவாத்தான் குடிக்கணும். ஆனா கலர் குடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, பேர் சொல்லிக் கேளுங்க. கேக்கற பாட்டிலத்தான் கடைக்காரர் ஃபிரிட்ஜுல வைப்பார்.

அன்னிக்கு நான் ஜில்லுன்னு இல்லாமத்தான் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ஊர்ல கிடைக்குதா?