புது புல்லட்டா, பழைய புல்லட்டா?

புல்லட் வாங்கப் போகிறேன் என்று திருவொற்றியூர் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "புதுசு வேணாம்ப்பா, பழைய கேஸ்ட் அயர்ன் இன்ஜின் வண்டியா பாரு. அதான் இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்பார்கள். 1950-களிலிருந்து புல்லட் செய்த ஊராச்சே, எதிர்த்துப் பேசவும் தயக்கமாக இருக்கும். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

"துப்பாக்கி போலச் செய்தது" என்பது ராயல் என்ஃபீல்டின் பழைய விளம்பர வாசகம். என்ஃபீல்டு என்ற பெயரே இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர்தான். அதனால் துப்பாக்கிக் கதை ஒன்றையே பார்ப்போம். அமெரிக்காவில் மார்லின் என்றொரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். கைப்பிடிக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். 2007-08-ல் அந்தக் கம்பெனி ரெமிங்டன் கைக்குப் போனது. பழைய ஆலையை மூடி உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றினார்கள், தரம் விழுந்தது, ஜனங்கள் பழைய மார்லினைத் தேடி அலைந்தார்கள். 2020-ல் ரூகர் வாங்கி, அடுத்த வருடக் கடைசியில் திருத்தமாகச் செய்து விற்றதும் புதுசுக்கே மவுசு வந்துவிட்டது. ஆக, அங்கே பழசைத் தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது.

நம்ம கேஸ்ட் அயர்னுக்கு என்ன காரணம்? அந்த டுபுடுபு சத்தம். அவ்வளவுதான்! 2010 வாக்கில் அந்த இன்ஜின் நின்றுபோனது. மிச்சமிருக்கிற வண்டிகளுக்கு 15 வயது ஆகிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி வேறு. ஆயில் ஒழுகும். பலவற்றில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பெரும்பாலும் டிரம் பிரேக். இதை வைத்துக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே தினமும் காலேஜ் போகச் சொல்கிறார்கள். முன்னால் போகிற டிரெய்லர் திடீரென்று நின்றால் டுபுடுபு காப்பாற்றாது.

125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். என்னைக் கேட்டால் அந்தத் தேதிதான் கோடு. அதற்கு முந்தையது எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வேண்டாம். அதற்குப் பிந்தையது என்றால் செகண்ட் ஹேண்டே மேல். தேய்மானக் கணக்கில் முதல் சில வருடங்களில்தான் மதிப்பு சடசடவென்று இறங்கும் என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அந்த நஷ்டத்தை முதல் ஓனர் சுமக்கட்டுமே! அப்பாவிடம் கேட்கிற பணமும் குறையும்.

ஒன்று மட்டும். ராயபுரம், காசிமேடு பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று தின்றிருக்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் குனிந்து மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ், சைலன்சர் மூட்டு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.